சிவப்பு நூல் கட்டிய காய்

சந்தாபுரி
மே மாதம், மழைக்கு முன்

என் பிளெங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, இரண்டு நாய்கள், எல்லாரும் நலம். குவாங்சோவில் நீயும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தப் பழ மண்டியின் ஈரத் தரையில் நின்று காலில் சேற்றுப்புண் வாங்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா காதில் விழும், அதோடு ஒருவனை ஆற அமரத் திட்டுவதற்குக் கடிதம்தான் தோது. நம்மைக் கெடுத்த அந்தப் பழக் கொட்டகை முதலாளி, சியா ஹெங், விழுந்துவிட்டான். உட்கார்ந்து படி.

போன வருஷம் அவன் செய்தது உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எழுத எழுத ருசிக்கிறது. எங்கிருந்தோ பிஞ்சு டுரியானை அள்ளி வந்து, தன் கொட்டகையில் பெட்டி போட்டு, பெட்டியின் மேல் நம் தோப்பின் ஏற்றுமதிப் பதிவு நம்பரை அச்சடித்து எல்லை தாண்டிச் சீனாவுக்கு அனுப்பினான். அங்கே வெட்டிப் பார்த்தால் வெள்ளைச் சுளை. லாரி திரும்பியது, நம் நம்பரை நிறுத்தி வைத்தார்கள், ஊர்த்தலைவர் காலையில் ஒலிபெருக்கியில் நம் நம்பரை வாசித்தார். சீனாக்காரன் வாய் திறந்தால்தான் இந்த ஊரில் அடுப்பு எரியும். பெட்டி செய்கிறவன், லாரி ஓட்டுகிறவன், கொட்டகை வாசலில் நூடுல்ஸ் விற்கிறவள், கோயில் கூரை, எல்லாம் அந்தப் பழத்தில்தான் நிற்கிறது. அதில் மண்ணைப் போட்டவர் என்று ஊரே உன் அப்பாவைப் பார்த்தது. கோயில் திருவிழாவில் ஒருத்தன் அவர் முகத்துக்கு நேராகவே "வாங்க பிஞ்சு" என்று கூப்பிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்தான், அப்புறம் தோப்புப் பக்கம் போகவில்லை. கோயிலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் மறக்கவில்லை.

இந்த வருஷம் நம்பர் திரும்பக் கிடைத்தது. கிடைத்த கையோடு அந்த வெட்கங்கெட்டவன் ஒரு கூடை மங்குஸ்தானோடு வந்து உட்கார்ந்தான். மழைக்கு முன்னால் விலை உச்சத்தில் இருக்கிறது, அவன் முற்றத்தில் கன்டெய்னர் காலியாக நிற்கிறது. பழசை மனசுல வெச்சுக்காதீங்க அக்கா, தோப்பை மொத்தமா எனக்கே கொடுங்க என்றான். கொடுத்தேன். காய்க்கு மொத்தமாக விலை பேசி, பணத்தையும் முழுசாக முன்னாடியே வாங்கிக்கொண்டேன். வெட்டிய பிறகு நஷ்டமென்றால் அவன் தலையில்தான். இப்போது முதலில் பூத்த கொத்தை மட்டும் வெட்டு, மற்றது முற்றட்டும் என்று தலைவரை வைத்துக்கொண்டே சொன்னேன். "எனக்குத் தெரியாதா அக்கா, பொறந்ததுலேர்ந்து இதே பொழப்பு" என்றான்.

தெரியாதுதான், பிளெங். இந்த வட்டாரத்தில் எல்லாரும் முதலில் பூத்த கொத்துக்குத்தான் சிவப்பு நூல் கட்டுவார்கள், முதலில் வெட்ட வேண்டியது சட்டென்று கண்ணில் படட்டும் என்று. உன் அப்பா கணக்கு தலைகீழ். அவருக்குச் சிவப்பு என்றால் தொடாதே என்று அர்த்தம், கடைசியாகப் பூத்ததுக்குத்தான் அதைக் கட்டுவார். இந்த வருஷம் அவர் வராததால் நானே கட்டினேன், அவர் முறைப்படியே. ஒரு நூலைக்கூட மாற்றவில்லை, சத்தியம். ஹெங் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தட்டிப் பார்த்து வெட்டுகிற பழைய ஆட்களைக் கூலி அதிகமென்று விரட்டிவிட்டு, நூலைப் பார்த்து வெட்டுகிறவர்களை அனுப்பியிருந்தான். அவர்கள் மேலிருந்து சிவப்பு நூல் காயாகப் பார்த்துப் போட்டார்கள், கீழே சாக்கை விரித்துப் பிடித்தார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்து அவன் கொண்டுவந்த மங்குஸ்தானையே உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அப்படி ஒரு இனிப்பு. கடைசி வண்டி கிளம்பியதும், பிஞ்சு பிடிக்கிற அரசாங்கப் பரிசோதனைக்காரர்களுக்குப் போன் போட்டேன்.

அவன் பெட்டி போடுவதற்குள் அவர்கள் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன், பார்க்காமல் விடுவேனா? வெட்டிய காயெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. யாரும் விற்கக் கூடாதென்று ஒவ்வொரு காய் மேலும் சிவப்புச் சாயம் பீய்ச்சினார்கள், கொட்டகையை இந்தப் பருவம் முழுவதற்கும் பூட்டினார்கள். ஹெங் என்னிடம் வந்து, "அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான். "நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சியா, எங்க நம்பரை எடுக்கும்போதும் சரி, எங்க காயை வெட்டும்போதும் சரி" என்றேன். மறுநாள் ஒலிபெருக்கியில் அவன் கொட்டகைப் பெயர் வந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டுக் கேட்டேன்.

ஒருத்தர் பிஞ்சு அனுப்பினால் அங்கே உன் மண்டியில் நம் ஊர் எல்லார் பழத்தையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று நீ அழுதாயே, இந்தத் தடவை ஒரு காய்கூட எல்லை தாண்டவில்லை. அதனால் எனக்குப் புத்தி சொல்லி எழுதாதே. பாவம் வந்தால் என் பங்குக்கு நானும் கோயிலில் சருகு கூட்டிக்கொள்கிறேன்.

ஆனால் அப்பாவிடம் ஓடி வந்து சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, எந்த நூல் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நேரே ஹெங்கின் கொட்டகைக்குப் பின்னால் அவர்கள் கொட்டியிருந்த குவியலுக்குப் போனார். ஒரு காயை எடுத்துக் காம்பைத் தடவிப் பார்த்தார், கையெல்லாம் சாயம். "இன்னும் கொஞ்ச நாள் மரத்துல இருந்திருக்கும்டி. காய் என்னடி பண்ணுச்சு?" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே தோப்புக்குப் போனார், ஒரு வருஷத்துக்கு அப்புறம். மரம் மரமாக நின்று, மிச்சமிருந்த சிவப்பு நூலையெல்லாம் அவிழ்த்தார். நான் கூடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். மரங்களிடம் மட்டும் பேசினார்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, புத்தர் உன்னைக் கைவிடமாட்டார். நீ வழக்கமாக அனுப்பும் நூல்கண்டு மறக்காதே, அடுத்த பூவுக்கு வேண்டும். சிவப்பு மட்டும் வேண்டாமென்று அப்பா சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். நீ சிவப்பையும் சேர்த்தே அனுப்பு, அடியில் வைத்து. ஹெங்குக்கு ஒரு தம்பி இருக்கிறான், கொட்டகை போட இடம் பார்க்கிறானாம்.

உன் அம்மா,
லம்துவன்