ஹானுஸின் பெயரைச் சொல்லி ஜெபித்தது

மார்ச் 4, புதன்
ஜெபக் கூட்டம் இன்று எங்கள் வீட்டில். ருபார்ப் ஜாமின் கடைசிப் பாட்டிலைத் திறந்தேன். மகள் மாலனின் விண்ணப்பத்தை ஜெபத்தில் வைத்தேன். சால்மன் மீனின் செவுளை அழிக்கும் நோயைப் பற்றி ஆராய நிதி கேட்டிருக்கிறாள். செலவுப் பட்டியலைக் கூட்டிச் சரிபார்த்தது நான்தான். கிடைத்தால் இந்தத் தீவில், க்ளாக்ஸ்விக் ஊரிலேயே எங்களோடு இருப்பாள். இல்லையென்றால் வேலை தேடி நார்வேதான். ஜெபம் உருக்கமாக வந்தது. "கர்த்தாவே, நிதிக் குழுவில் இருக்கிற சகோதரர் ஹானுஸின் இருதயத்தைத் திறந்தருளும்" என்று பெயர் சொல்லியே கேட்டேன். ஹானுஸ் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆமென் சொல்லவில்லை. காப்பியும் குடிக்காமல் போய்விட்டார். உடம்புக்கு என்னவோ?

மார்ச் 6, வெள்ளி
ஹானுஸ் போன் செய்தார்.
"சுன்வா, குழுவுக்கு எழுதிட்டேன். மாலன் விண்ணப்பம் வர்றப்ப நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன்."
"ஏங்க? மீன் நோய் தெரிஞ்சவர் அங்க நீங்க ஒருத்தர்தானே!"
"அவளுக்காக யாரும் என்கிட்ட பேசக் கூடாது. விதி அப்படி."
"நான் உங்ககிட்ட எங்க பேசினேன்? கர்த்தர்கிட்டதானே பேசினேன்!"

"எனக்கும் கேட்டுச்சே, சுன்வா."

மார்ச் 7
மாலனிடம் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். "மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு, ஜெபக் கூட்டம்னு எல்லாரையும் கழிச்சா இந்தத் தீவுல குழுவுக்கு யாரும்மா மிச்சம்? ஆடுங்கதான்!" பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் எழுதினதப் படிச்சா புரிஞ்சுக்கிற ஒரே ஆளும்மா அவரு."
ஆராதனையில் மனம் நிற்கவில்லை. அது ஜெபமா? இல்லை — இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஹானுஸ் காதில் விழட்டும் என்றுதான் குரலை உயர்த்தினேன். கர்த்தருக்குக் கேட்க அவ்வளவு சத்தம் எதுக்கு?

ஏப்ரல் 21, செவ்வாய்
நிதி இல்லை. ஒரு வங்கிக்காரரும் ஒரு கப்பல் இன்ஜினியரும் உட்கார்ந்து முடிவு செய்தார்களாம். 'ஆய்வின் தேவை தெளிவாக விளங்கவில்லை.' அவர்களுக்கு எப்படி விளங்கும்? விளங்குகிற மனுஷனை எழுப்பி அனுப்பியவள் நான்.
"விடும்மா, அவரு இருந்தாலும் கிடைச்சிருக்காதோ என்னவோ" என்றாள் மாலன். திட்டியிருக்கலாம்.

மே 15
நார்வேயில், த்ரோம்ஸோவில் அவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஸ்வெட்டர் பின்னுகிறேன், கண்ணி கண்ணியாகத் தப்பு. பிரித்துப் பிரித்துப் பின்னுகிறேன்.

ஜூன் 10, புதன்
கூட்டம் ஹானுஸ் வீட்டில். ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். தலையசைத்து இல்லை என்றேன். ஹானுஸ் எழுந்தார். "மாலனுக்காக நான் கேக்குறேன். இப்ப எனக்குத் தடையில்ல" என்றார். அவள் பயணத்துக்காக, போகிற ஊரில் நல்ல வீட்டுக்காக, நல்ல சபைக்காக, பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.
அவள் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.