பதினொரு பேர் கேட்ட கேள்வி

ஹூஸ்டன்
அக்டோபர் 1998

அம்மாவுக்கு மகிழன் வணக்கத்தோடு எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் பெயரளவில் மகிழ்ச்சியாகவே இருக்கிறேன்.

எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு வீடியோ எடுக்கிறேன் அல்லவா? பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இங்கே ஃபுட்பால் என்றுதான் பெயர். ஓடுபவனைத் தடுக்கிற பதினொரு பேரில் மார்கஸ் ஒருவன்தான் புலி, மற்றவர்கள் சுமார். கோச் அவர்களை ஒரே சொல்லில் கட்டி வைத்திருந்தார். ஒருவன் கத்தினால் எல்லோரும் திருப்பிக் கத்தி, இடம் மாறி நிற்க வேண்டும். எதிராளிக்குப் புரியாத சொல்லாக என்னிடம் கேட்டார். "சாப்பிட்டாச்சா" என்று கொடுத்தேன்.

மூன்று ஆட்டம் ஜெயித்தோம். மலை மாதிரி ஆட்கள் "சாப்டாச்சா, சாப்டாச்சா" என்று கத்தும்போது, கேமராவுக்குப் பின்னால் நின்று "ஆச்சுடா" என்பேன். இந்த ஊரில் வேறு யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை அந்தச் சொல் காதில் விழுந்தும் மார்கஸ் இடம் மாறவில்லை. தன் வேகத்தை நம்பிப் பந்தைத் துரத்தினான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் எதிராளி புகுந்துவிட்டான். தோற்றோம்.

"எவ்வளவு வேகமா ஓடினா என்ன? உன் இடம் காலியா கிடந்துச்சே" என்றார் கோச். எனக்கும் சேர்த்துச் சொன்னது போலிருந்தது. அந்தச் சொல்லையும் மாற்றிவிட்டார்.

அப்பா போன பிறகு நீ ராத்திரி அடுப்பே பற்றவைப்பதில்லை என்று சித்தி எழுதியிருக்கிறாள். எனக்குப் பருப்புப்பொடி அனுப்பு. அரைக்கிற அன்றைக்காவது சோறு வடித்து, பிசைந்து, ருசி பார்த்து அனுப்பு.

பஸ் வந்துவிட்டது. சாப்பிட்டாச்சா அம்மா?

உன் மகிழன்