ஸ்பிரிங்தான் காரணமா?

ஏப்ரல் 14, ஞாயிறு

கூம்புகளைச் சுற்றி ஓட்டும் கார்ப் போட்டியில் மறுபடியும் இரண்டாம் இடம். ஆறு வருஷமாக இதே கதை. ஆரஞ்சுக் கூம்புகளில் ஒன்றைக்கூட நான் தட்டவில்லை, அப்படியும் வெண்டல் என்னைவிட அரை நொடி முந்திவிட்டான். எங்கள் இரண்டு பேருடையதும் ஒரே மாடல் கார்.

அதோடு விட்டானா? எல்லார் முன்னாலும், "லோர்னா, உன் புது ஷாக் அப்சார்பர் ரூல்ல வருதா? ஸ்பிரிங் உட்கார்ற தட்டு இறங்கின மாதிரி இருக்கே" என்கிறான். ஜெயிச்சவன் தோத்தவளைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது!

விதிகளைப் பார்க்கும் ஆல்மா உடனே பிடித்துக்கொண்டாள். அடுத்த போட்டிக்குள் நிரூபிக்க வேண்டுமாம். இல்லையென்றால் மாற்றியமைத்த கார்கள் பிரிவுக்குப் போக வேண்டுமாம். அங்கே போனால் கடைசி இடம்தான்.

ஏப்ரல் 18

எங்கள் பிரிவில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம். ஸ்பிரிங்கும் தட்டின் உயரமும் கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும், தட்டு இறங்கினால் காரும் தாழ்ந்து வளைவில் வேகம் கூடிவிடுமாம். இதைப் படித்துப் படித்துக் கண்ணே பூத்துவிட்டது. என்னுடையது சரியான உயரமா? விற்ற கடைக்காரன் போனையே எடுப்பதில்லை. இணையத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில்.

"வண்டியைப் பார்க்கிங்ல சுத்தறதுக்கு இவ்ளோ சட்டமா?" என்று ரஸ் சிரிக்கிறான். கட்டின புருஷன்!

ஏப்ரல் 23

பழைய ஷாக் அப்சார்பரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்கிறாள் ஆல்மா. அதைத்தான் காயலான் கடையில் போட்டாயிற்றே. இந்தப் பக்கத்தில் இதே மாடல் வேறு யாரிடம் இருக்கிறது? வெண்டலிடம்தான். சந்தேகம் கிளப்பினவன் வாசல்லயே போய் நிக்கணுமா?

போன் செய்தேன். "தாராளமா வா. நான் வாங்கின நாள்லேர்ந்து ஒரு போல்ட்டைக்கூடத் தொடலை" என்றான்.

ஏப்ரல் 27, சனி

அவன் ஷெட்டில் இரண்டு கார்களையும் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி அளந்தோம். தட்டு ஒரே உயரம். நான் சரி!

ஆனால் ஸ்பிரிங்? என்னுடையதில் கம்பெனி எண் இருக்கிறது. அவனுடையதில் இல்லை, கம்பியும் தடிமன், வளைவில் கார் அவ்வளவாகச் சாயாது. அவனுக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவர் மாற்றியிருக்க வேண்டும். வெண்டல் டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். "சத்தியமா எனக்குத் தெரியாது லோர்னா."

நம்பினேன். நம்பியும், "அப்போ நான் உன்கிட்ட தோக்கலை, உன் ஸ்பிரிங்கிட்டதான் தோத்திருக்கேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்? அவன் டயரை விட்டு எழுந்து போனை எடுத்தான். என் எதிரிலேயே ஆல்மாவைக் கூப்பிட்டு, தன் வெற்றிகளை எல்லாம் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொன்னான்.

மே 9

அவனுக்குச் சரியான ஸ்பிரிங் வர ஜூன் ஆகுமாம். அதுவரை வரமாட்டானாம். இந்த மாதம் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். "கூம்பைச் சுத்தி ஒரு தடவை வந்துட்டுப் போ, கோப்பை உனக்குத்தான்" என்கிறாள் ஆல்மா. இதுக்கா ஆறு வருஷம் மாரடிச்சேன்?

மே 12

ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டலாம். புருஷன் பெண்டாட்டிகள் நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். வெண்டலைக் கூப்பிட்டு, என் காரை ஓட்டச் சொன்னேன்.

"உன் கார்லயே உன்னை ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சுக் காட்டு, பாக்கலாம்."

மே 19, ஞாயிறு

என் கார். என் ஸ்பிரிங். என் டயர். நான் இதுவரை ஓட்டியதிலேயே இன்றைக்குத்தான் நன்றாக ஓட்டினேன், ஒரு கூம்பும் சாயவில்லை. கை தட்டினார்கள்.

பிறகு வெண்டல் ஏறினான். என்னைவிட முக்கால் நொடி குறைவு.

இறங்கி வந்து, "நீ எல்லா வளைவுலயும் சீக்கிரமே பிரேக் புடிச்சிடற" என்றான், தயங்கித் தயங்கி. போய்யா என்று சொல்லிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். ரஸ் சாண்ட்விச் கொண்டுவந்து நீட்டினான், வாங்கவில்லை.

காரைக் குறை சொல்லவும் இனி வழியில்லை. அழுகை அழுகையா வருது.