சரிகை வெளுத்த கேஸ்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பொதுமக்கள் கவனத்திற்கு: எங்கள் வீட்டு மிக்சி இன்று காலை 7.10க்கு இயற்கை எய்தியது. சட்னிக்கு மூன்று நாள் துக்கம். புழுக்கம் வேறு.

சாயங்காலம் அம்மாவுக்கு டீ கொண்டுபோனேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கிளினிக்கில் அம்மாவுக்குத் துப்புரவு வேலை. உள்ளே ஒரே கலவரம். பழைய பி.பி. மெஷின் உடைந்து தரையெல்லாம் பாதரசம். மிளகு ரசம் தெரியும், தக்காளி ரசம் தெரியும். பாத ரசம்? காலில் ஊற்றிக்கொள்வதா?

நர்ஸ் துடைப்பத்தை எடுத்தார். அம்மா ஒரே கத்து. "தொடப்பத்த வைம்மா! பெருக்கினா நூறு குண்டாப் பூடும். ஃபேன நிறுத்து, ஜன்னலத் தொற."

வளையல், செயின் கழற்றி வைத்தாள். கையுறை. இரண்டு அட்டையால் ஓட்டி ஓட்டிச் சேர்த்து, சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் பாட்டிலில் விட்டு, இறுக்கி மூடி, லேபிள். மகாராணி!

கதவோரம் ஒரு குண்டு தப்பியிருந்தது. என் பையில் காலி சொட்டுமருந்துக் குப்பி. ஹிஹி. ஸ்கூலில் 'உருகிய வெள்ளி' என்று காட்டலாம். வீட்டு பீரோவில், துணிக்கு நடுவில் பத்திரம். அம்மா பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பரபரப்பு. ஆவணியில் அக்காவுக்கு நிச்சயம். அதற்கு எடுத்த பட்டுச்சேலையைப் பிரித்தால், முந்தானைச் சரிகையில் கையகலம் வெள்ளை. தங்க நிறம் போயே போச்சு. அக்கா ஒரே அழுகை.

நெய்தது எதிர்வீட்டு ஏழுமலை மாமா. நெய்தாரா, பொய்தாரா? சரிகை சரியில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"இன்னா மாமா, டூப்ளிகேட்டா?"

"டேய், என் கை மேல சத்தியம்டா. அசல் சரிகடா அது. எம் பொண்ணுக்குன்னு நெனச்சி நெய்ஞ்சேன்."

என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. குறித்துக்கொண்டேன்.

போட்டோவோடு, அவர் பெயரோடு ஸ்டேட்டஸ்: 'உஷார்! போலிச் சரிகை!' 84 பேர் பார்த்தாச்சு. துப்பறிவதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய் ஒன்றுதான். கஞ்சர்கள்.

மாமா வீட்டில் தறிச் சத்தமே இல்லை. ஏன்? அவர் சம்சாரம் வாசலில் யாரிடமோ: "ஸ்டேட்டஸ் பாத்துட்டு ரெண்டு பார்ட்டி சேல வேணாம்னுட்டாங்கபா. மனுசன் சாப்புடாமயே உக்காந்துக்கினு இருக்குது."

நடிப்பாக இருக்கலாம். மதியம் கத்தரிக்காய். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

இரண்டு நாளாக அம்மாவுக்கு டபுள் டூட்டி. இன்றுதான் சேலையைப் பார்க்க வந்தாள். தொடப்போனவள் சட்டென்று கையை இழுத்தாள். மடிப்பில் மினுமினுவென்று ஒரு பொடிக் குண்டு.

"யாரும் கிட்ட வராதீங்க. ஃபேன நிறுத்து." வளையலைக் கழற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னாடா கொண்டாந்த?"

சொன்னேன்.

"பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துப் பூடும்டா. அது ஆவி மூச்சுல போனா ஒடம்புக்கும் ஆவாது. அன்னிக்கி நான் செயினக் கழட்டனது அழகுக்கா?"

பீரோ முழுக்க அட்டையால் வழித்தாள். சேலையைத் தடித்த கவரில் போட்டுக் கட்டினாள். "இனிமே இது சேல இல்ல, குப்ப. கிளினிக் மூலமாத்தான் போவணும்." அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

"போ. மாமாகிட்ட நீயே சொல்லு."

போனேன். ஸ்டேட்டஸை 84 பேர் பார்த்தது வரை சொன்னேன். மாமா எல்லாம் கேட்டார். "அப்ப என் சரிக?"

"அசல், மாமா."

"எங்கிட்ட சொல்லி இன்னாடா? அந்த எம்பத்திநாலு பேர்கிட்ட சொல்லு."

புது ஸ்டேட்டஸ் போட்டேன். இதுவரை 31 பேர்தான் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாவிடமும் மாமாவிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை, மாமா வீட்டுக்குக் கிளம்புமுன் குப்பியை எடுத்துப் பார்த்தேன். மூடி கழன்று, காலி. துப்பறிந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.