நியூயோர்க்கா, பொஸ்ரனா

2004 யூன் 12, சனி

விடுமுறைக்கு எங்கே போவதென்று மகள்மார் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்தார்கள். சின்னவளுக்கு நியூயோர்க்கின் உயரமான கட்டடங்களைப் பார்க்க வேண்டுமாம். பதினொரு வயதான மூத்தவள், பொஸ்ரனில் கடலும் இருக்கு, சனமும் குறைவு என்றாள்.

“அப்பா, நீங்கள் சொல்லுங்கோ, எது நல்லம்?” என்று சின்னவள் கேட்டாள்.

கனடாவில் எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். அதைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதில்லை.

“மொன்ட்ரியாலுக்குப் பொஸ்ரன்தான் கிட்ட” என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நான் பாத்திரம் கழுவும்போது மூத்தவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்களாலை போகேலாது எண்டு எனக்குத் தெரியும் அப்பா. தங்கச்சிக்குச் சொல்லாதேங்கோ. அவள் பாவம். அதுதான் நானும் சேர்ந்து சண்டை பிடிச்சனான்.”

கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன்.