ஒட்டுக்குக் கீழே வந்த கிளை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். அழுகைகூட வருவதில்லை.

நான் வேலை செய்யும் வீட்டிலும் தொட்டியில் கமலா ஆரஞ்சு இருக்கிறது. முள்ளோடு நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு கிளைக்குக் குச்சி நட்டுக் கட்டினேன். தோட்டக்காரர் சிரித்துவிட்டார்.

"நல்லா பாத்தேம்மா, திருடனுக்குப் பந்தல் போடுறியா? இது ஒட்டுக்குக் கீழ, காட்டு அடிமரத்துலேருந்து வந்தது. நல்ல பழம் தராது, மரத்தோட சத்தையும் தின்னுடும்."

அப்போதே வெட்டிப்போட்டார்.

நம் மாடித் தொட்டிச் செடியில், உங்கள் மகன் இறப்பதற்கு முன், சாயாமல் கயிறு கட்டி நிறுத்தியதும் அப்படிப்பட்ட கிளைதான், அத்தை. யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். பழம் இல்லாவிட்டால் போகட்டும். கயிறு இறுகினால் கொஞ்சம் நெகிழ்த்துங்கள். முடிச்சை மட்டும் அவிழ்க்காதீர்கள். அது அவர் போட்டது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மருமகள்