ஹீட்டருக்குத் திருவிழா வயர்

சூரியநெல்லி

அன்புள்ள ஜானவி,

அம்மாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

இந்த ஹாஸ்டலுக்கு வார்டனாக வந்ததிலிருந்து இப்படி ஓர் அசிங்கத்தை நான் பார்த்ததில்லை. பெண்களின் ஹீட்டருக்கு மேனேஜர் லோகேஷ், கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு கட்டிய வயரை ஆபீசிலிருந்து இழுத்து விட்டிருக்கிறார். தண்ணீர் சுடவில்லை, பெண்கள் படுக்கும் பாய்க்கு அடியில் வயர்தான் சுட்டது. பாய் கருகிய வாடை இன்னும் குமட்டுகிறது.

"திருவிழா முழுக்க எரிஞ்ச வயர் மேடம், ஒண்ணும் ஆகாது" என்கிறார்.

"பல்புக்குத் துளி கரண்ட் போதும், ஹீட்டருக்குப் போதுமா? வயர் ஒல்லியானால் தடை கூடும், நீளமானால் இன்னும் கூடும். தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு வயரிலேயே தங்கிவிடும்" என்றேன்.

பல்லைக் காட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்.

மெயினை அணைத்து, வயரைத் துண்டு துண்டாக நறுக்கி அவர் மேசையில் வைத்தேன். இப்போது பெண்களுக்கு விறகடுப்பில் வெந்நீர். எனக்குப் பச்சைத் தண்ணீர். மாப்பிள்ளையிடம் சொல்லாதே, வேலையை விட்டு வரச் சொல்வார்.

நான்கு எம்எம் செம்பு வயர் பத்து மீட்டர் வாங்கு. ஆபீசை விடச் சமையற்கட்டு பக்கம், அங்கிருந்து இழுத்தால் அது போதும். பார்சலில் அனுப்பாதே, ஆபீஸ்காரர்கள் கை வைப்பார்கள். நீயே கொண்டு வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

அம்மா